காலப்பங்கும் புள்ளிக் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நான் பேசும்படி நிர்வாகக் கமிட்டியார் பணித்த விஷயம், கம்பெனிக்காரர்கள் "டைம்-ஷேர்" என்று சொல்லும் விடுமுறைக் காலப்பங்கு என்பதாகும். முக்கியமாக, அதில் புள்ளிக் கணக்கு முறை என்று இப்போது பரவி வருவதன் தன்மையைப் புதிதாய்ச் சேர எண்ணுவோர்க்கு விளங்கும்படி சொல்லவேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். நம்மவர்களில் லாரித் தொழில் செய்வோரும், கோழிப் பண்ணை வைத்திருப்போரும், ரிக் வண்டி ஓட்டுவோரும், விசைத்தறி, வெள்ளிப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை நடத்துவோரும் பலர். இவர்கள் பெரிய கடைகளில் சாமான் வாங்கப் போகும்போது பரிசுச் சீட்டு ஒன்றில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுக்கிறார்கள். பத்து நாள் கழித்து, "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதி சமேதராய் வந்து பெற்றுக்கொள்ளுங்கள்" என்று அழைப்பு வருகிறது. போனவர்கள் ஒரு சிறு பரிசோடும், சில லட்ச ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தத்தோடும் வீடு திரும்புகிறார்கள். அவ்வொப்பந்தத்தில் உள்ளது இன்னதென்று அறிந்து கையெழுத்திட்டவர் சிலரே. ஆதலின் இவ்விஷயம் நம் சங்கத்தில் பேசத் தகுந்ததே ஆகும்.

முதலில் ஒரு வார்த்தை. விடுமுறை என்பது வீண் ஆடம்பரம் என்று சொல்ல நான் வரவில்லை. கோழிக்கும் மாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பண்ணை வைத்திருப்பவன் வீட்டுப் பெண்மணி கல்யாணம், காதுகுத்து, துக்கம் ஆகிய காரியங்களுக்கன்றி ஊரைவிட்டு வெளியே சென்று ஓர் இரவு தங்கியதில்லை என்பது நம் பக்கத்துக் குடும்பங்களில் சர்வ சாதாரணம். லாரி முதலாளியின் பிள்ளைகள் தகப்பனாரோடு சேர்ந்தாற்போல் நான்கு நாள் இருந்ததில்லை. அவர்களும் மலைக்காற்றை அனுபவிக்கவேண்டும் என்று ஒருவன் விரும்பினால் அது நல்ல விருப்பமே. அந்த நல்ல விருப்பத்தின்மேல்தான் இவ்வியாபாரம் நடக்கிறது. ஆகவே விருப்பத்தைக் குறை கூறாமல், அதற்காக நாம் கொடுக்கும் விலையையும் பெறும் பொருளையும் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

காலப்பங்கு தோன்றிய விதம்

நமது சேர்வராயன் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை அங்கே காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள ஏற்காட்டில், கோடை வெயிலுக்கு ஒதுங்குவதற்கு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களும் தோட்டத் துரைமார்களும் பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். மலையில் வீடு என்பது நெடுங்காலம் அத்தகையவர்களுக்கும் பெருந்தனக்காரர்களுக்குமே உரியதாயிருந்தது. வருஷத்தில் ஒரு வாரம் தங்குவதற்காக ஒரு வீட்டைக் கட்டி, மீதி ஐம்பத்தொரு வாரமும் பூட்டி வைத்துக் காவலுக்கு ஆள் போடுவது நடுத்தரக் குடும்பஸ்தனால் ஆகிற காரியமா?

இந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு விடை கண்டார்கள். ஒரு வீட்டை ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, வாரத்துக்கு ஒரு குடும்பமாய் அனுபவித்தால் என்ன? 1960-களில் பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதியொன்றில் இம்முறை நடந்தேறியது. சுவிட்ஸர்லாந்தில் 1963-ஆம் வருஷத்தில் ஹாபிமாக் என்ற ஸ்தாபனம் ஏற்பட்டது. அதில் பங்கு வாங்கினவர்களுக்கு ஆண்டுதோறும் இத்தனை புள்ளிகள் என்று கொடுத்து, அப்புள்ளிகளைக் கொண்டு எந்த விடுதியிலும் தங்கலாம் என்று வைத்தார்கள். எனவே புள்ளி முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் 1974-ஆம் வருஷம் டீஹான் தம்பதிகள் ஆர்.சி.ஐ. என்ற மாற்றகத்தைத் தொடங்கினார்கள். ஓர் ஊரிலுள்ள தமது வாரத்தைக் கொடுத்துவிட்டு, வேறோர் ஊரிலுள்ள மற்றொருவரின் வாரத்தைப் பெற்றுக்கொள்ள அது வழி செய்தது. டிஸ்னி கம்பெனி 1991-ஆம் வருஷம் புள்ளி முறையிலேயே தன் விடுமுறைச் சங்கத்தை ஆரம்பித்தது.

நம் தேசத்தில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1986-ஆம் வருஷம் பதிவான ஸ்டெர்லிங் கம்பெனி இத்துறையில் முன் நின்றது. கொடைக்கானலில் தொடங்கிய அக்கம்பெனிக்கு நம் ஏற்காட்டிலும் விடுதி உண்டு. 1996-ஆம் வருஷம் மஹிந்திரா ஹாலிடேஸ் ஏற்பட்டது. அதன் முதல் விடுதி மூணாற்றில் அமைந்தது. இருபத்தைந்து வருஷம், ஆண்டுக்கு ஏழு இரவு என்பது அவர்களுடைய பிரதானமான திட்டம். ஐம்பது வயது கடந்தவர்களுக்கென்று பத்து வருஷப் புள்ளித் திட்டமொன்றையும் பிற்பாடு அவர்கள் கொண்டுவந்தார்கள்.

கிணற்று முறையும் விடுதி முறையும்

இவற்றையெல்லாம் நம் குடியானவர்களுக்கு விளக்குவது கடினமன்று. நம் பங்காளிகளுக்குள் கூட்டுக் கிணறு இருக்கிறதல்லவா? நால்வர் சேர்ந்த கிணற்றில் இன்னார்க்கு இன்ன நாள் தண்ணீர் என்று முறை வைத்திருக்கிறோம். தூர் வாருவதற்கும் மோட்டார் பழுது பார்ப்பதற்கும் அவரவர் பங்குப்படி பணம் கொடுக்கவேண்டும். ஒரு வருஷம் நான் வெள்ளாமை வைக்கவில்லை, ஆகையால் தூர் வாரப் பணம் தரமாட்டேன் என்று சொல்ல முடியாது. காலப்பங்கும் இதுவே. விடுதி அறை கிணறு. வாரம் நம் முறை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தூர் வாரும் பணம். நாம் போனாலும் போகாவிட்டாலும் அது கொடுத்தே தீரவேண்டியது.

ஆனால் இரண்டு பேதங்கள் உண்டு. கிணற்றுப் பங்கு பத்திரத்தில் எழுதி ரிஜிஸ்தர் செய்யப்படுகிறது. நிலத்தோடு விற்கலாம், பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கலாம். நம் தேசத்தில் விற்கப்படும் அங்கத்துவங்களோ பெரும்பாலும் தங்கும் உரிமை மாத்திரமே. விடுதியின் மண்ணிலும் சுவரிலும் நமக்குப் பாத்தியம் கிடையாது. இது முதற் பேதம். கிணற்று முறையை வகுத்தவர்கள் பங்காளிகள் தாமே. மாற்றவேண்டுமானால் எல்லோரும் கூடியே மாற்றுவார்கள். விடுதி முறையை வகுப்பதும் மாற்றுவதும் கம்பெனியார் கையில் இருக்கிறது. இது இரண்டாவது பேதம். இவ்விரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் மேலே நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

பருவமும் புள்ளியும்

பழைய முறையில் இன்ன வாரம், இன்ன அறை என்று நிர்ணயம் செய்திருந்தார்கள். மே மாதம் இரண்டாவது வாரம் என்றால் வருஷா வருஷம் அதுதான். அவ்வாரத்தில் வீட்டில் கல்யாணம் வந்தால் அவ்வருஷத்து முறை போயிற்று. இந்த இடைஞ்சலை நீக்கப் பருவ முறை வந்தது. உதாரணமாக, மஹிந்திராவில் வருஷத்தை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களாய்ப் பிரித்தார்கள். ஊதா என்பது யாவரும் விரும்பும் நாட்கள். அதற்கு விலை அதிகம். நீலம் என்பது கூட்டம் குறைந்த காலம், விலையும் குறைவு. உயர்ந்த நிறத்தை வாங்கினவர் தாழ்ந்த நிறத்து நாட்களில் போகலாம். தாழ்ந்த நிறத்தை வாங்கினவர் உயர்ந்த நிறத்து நாட்களைத் தம் உரிமையாகக் கேட்க இயலாது. பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகளை உடையவர், விலை மலிவாயிருக்கிறதென்று நீலத்தை வாங்கினால், பிள்ளைகளின் விடுமுறைக்கும் அவருடைய முறைக்கும் பொருத்தம் இராது.

புள்ளி முறையில் வாரமும் இல்லை, நிறமும் நேரடியாக இல்லை. ஆண்டுக்கு இத்தனை புள்ளி என்று நம் கணக்கில் வரவு வைக்கிறார்கள். ஒவ்வொரு விடுதிக்கும், ஒவ்வோர் அறை வகைக்கும், ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை புள்ளி என்று ஓர் அட்டவணை இருக்கிறது. நாம் தங்கும் இரவுகளுக்குத் தக்கபடி புள்ளி கழிகிறது. இரண்டு இரவும் தங்கலாம், பத்து இரவும் தங்கலாம். இது மெய்யாகவே ஒரு சௌகரியம்.

கணக்காய்ப் பார்ப்போம். நான் சொல்லும் எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. எந்தக் கம்பெனியின் அட்டவணையும் அன்று. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 புள்ளி என்று கொள்வோம். மழைக் காலத்தில் வார நடுவில் ஒரு சிறிய அறைக்கு இரவுக்கு 60 புள்ளி என்றால் 16 இரவு தங்கலாம். சனி ஞாயிறுகளில் 100 புள்ளி என்றால் 10 இரவு. மே மாதத்தில் 160 புள்ளி என்றால் 6 இரவு போக 40 புள்ளி மிஞ்சும். பெற்றோரையும் அழைத்துக்கொண்டு இரண்டு படுக்கை அறை உள்ள வீடு எடுத்தால் மே மாதத்தில் 300 புள்ளி என்று வையுங்கள். 3 இரவோடு கணக்குத் தீர்ந்தது. ஆகவே "ஆயிரம் புள்ளி" என்ற வார்த்தைக்குத் தனியாய் ஒரு பொருளும் இல்லை. 16 இரவும் ஆயிரம் புள்ளிதான், 3 இரவும் ஆயிரம் புள்ளிதான். விற்பவர் 16 இரவைச் சொல்லி விற்கிறார். நாம் 3 இரவுக்குப் போகிறோம்.

அன்றியும், நாணயம் அடிப்பவரே கடையின் விலைப் பட்டியலையும் எழுதினால் என்ன ஆகும்? மேற்சொன்ன மே மாத அறையை 160 புள்ளியிலிருந்து 200 புள்ளிக்கு உயர்த்தினால் நமது 6 இரவு 5 இரவாகிவிடும். கணக்குப் புத்தகத்தில் ஆயிரம் ஆயிரமாகவே நிற்கும். டிஸ்னியின் திட்டத்தில், ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்துக்குப் புள்ளிகளை மாற்றி அமைக்கலாமேயொழிய, விடுதியின் ஓராண்டு மொத்தப் புள்ளிகளைப் பெருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. மே மாதத்தில் கூட்டினால் வேறொரு மாதத்தில் குறைத்தாகவேண்டும். நமக்கு நீட்டப்படும் ஒப்பந்தத்தில் அத்தகைய ஷரத்து உண்டா என்பது கேட்கவேண்டிய முதற் கேள்வி.

புள்ளிகளைச் சேமித்து வைத்தல், அடுத்த வருஷத்துப் புள்ளிகளை முன்னதாக வாங்குதல், மாற்றகத்தின் மூலம் அயலூர் விடுதிக்கு மாற்றுதல் என மூன்று வசதிகளைச் சொல்லுவார்கள். மூன்றும் நல்லவையே. ஆனால் சேமித்த புள்ளிக்குக் காலவரையறை உண்டு, தவறினால் அழிந்துபோம். முன்வாங்கினவர் அடுத்த வருஷம் கை வறண்டு நிற்பார். விதை நெல்லைக் குத்திச் சாப்பிட்டது போலத்தான். மாற்றகத்துக்குச் சந்தாவும், மாற்றுந்தோறும் கட்டணமும் தனி. நாம் கொடுக்கும் முறைக்கு ஈடான இடம் அங்கே காலியிருந்தாலன்றி மாற்று நடவாது.

பணக் கணக்கு

இனிப் பணத்துக்கு வருவோம். இதுவும் உதாரணக் கணக்கே. சேரும் கட்டணம் 4 லட்ச ரூபாய், இருபத்தைந்து வருஷம், ஆண்டுக்கு 7 இரவு, ஆண்டுப் பராமரிப்பு 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு லட்சத்தை 175 இரவால் வகுத்து, "இரவுக்கு 2,300 ரூபாய்கூட ஆகவில்லையே!" என்று விற்பவர் காகிதத்தில் போட்டுக் காட்டுவார். அக்கணக்கில் இரண்டு விஷயங்கள் விடப்பட்டிருக்கின்றன. முதலாவது, பராமரிப்புப் பணம். இரண்டாவது, வட்டி. அந்த நான்கு லட்சத்தை நூற்றுக்கு ஆறு வட்டி தரும் இடத்தில் வைத்து, முதலும் வட்டியுமாய் இருபத்தைந்து வருஷத்தில் எடுத்துத் தீர்ப்பதானால், ஆண்டுக்குச் சுமார் 31,300 ரூபாய் கையில் வரும். அதனோடு 18,000 சேர்த்தால் 49,300. ஏழால் வகுத்தால் இரவுக்குச் சுமார் 7,040 ரூபாய். ஆண்டுக்கு 4 இரவுதான் போக முடிந்ததென்றால் இரவுக்கு 12,300 ரூபாய்க்கு மேல் ஆகும். கடன் வாங்கித் தவணையில் கட்டினால் அந்த வட்டி வேறு. சாப்பாடு, போக்குவரத்து, வரி ஆகியவையும் இதில் சேரவில்லை.

பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் நூற்றுக்கு ஐந்து வீதம் ஏறினால், 18,000 ரூபாயாக ஆரம்பித்தது இருபத்தைந்தாம் வருஷத்தில் சுமார் 58,000 ரூபாயாக நிற்கும். இருபத்தைந்து வருஷத்தின் பராமரிப்பு மாத்திரமே 8 லட்சத்து 59 ஆயிரம் ஆகிறது. அஃதாவது, நாம் பெரிதென்று நினைத்துப் பேரம் பேசிய சேரும் கட்டணத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல், நாம் பேசாமலே ஒப்புக்கொண்ட கட்டணம்.

நியாயத்தையும் சொல்லவேண்டும். விடுதி வாடகையும் வருஷா வருஷம் ஏறுகிறது. சேரும் கட்டணம் ஒரு முறை கட்டியதோடு நின்றுவிடுகிறது. ஆகவே ஒரு வருஷமும் தவறாமல், ஏழு இரவையும் முழுமையாய் அனுபவிக்கும் குடும்பம், பிற்காலத்து வருஷங்களில் லாபமடையக் கூடும். சமையலறையோடு கூடிய நல்ல விடுதிகளில் இருபது வருஷமாய்த் தங்கித் திருப்தியோடு இருப்பவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். விடுமுறையை ஆறு மாதம் முன்னதாக நிச்சயிக்கக் கூடியவர்கள். நம்மவர்களின் பிழைப்போ அத்தகையதன்று. முட்டை விலையும் டீசல் விலையும் மழையும் பார்த்துத்தான் நாம் ஊரைவிட்டுப் புறப்பட முடியும். முன்னதாகச் சொல்லி இடம் பிடிக்க முடியாதவனுக்குப் புள்ளி கணக்கில் இருக்கும், அறை இராது.

அறை ஏன் கிடைப்பதில்லை?

"பணம் கட்டியிருக்கிறேன், மே மாதத்தில் அறை கேட்டால் இல்லை என்கிறார்களே" என்பது எங்கும் கேட்கிற முறையீடு. இதில் சூது இல்லாமலே இப்படி நேர்வதுண்டு. ஓர் அறைக்கு வருஷத்தில் பழுது பார்க்கும் நாட்கள் போக 50 வாரம் என்று வையுங்கள். ஐம்பது குடும்பங்களுக்கு விற்றாயிற்று. சித்திரை வைகாசிக் கோடை விடுமுறை எட்டு வாரந்தான். ஐம்பது குடும்பத்திலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்து, எல்லோரும் அப்போதே வர விரும்பினால், எட்டுக் குடும்பத்துக்குக் கிடைக்கும். நாற்பத்திரண்டு குடும்பத்துக்கு இல்லை. பருவ நிறம் வைத்து விற்கும் இடத்தில் இந்நெருக்கடி ஓரளவு கட்டுப்படும். புள்ளி முறையிலோ, எல்லோர் கையிலும் எல்லா நாளுக்கும் செல்லும் நாணயம் இருக்கிறது. ஆதலால் முந்திக் கேட்டவர்க்கே அறை. எத்தனை நாளைக்கு முன் கேட்க அனுமதி, இருக்கும் அறை எத்தனை, சேர்ந்திருக்கும் அங்கத்தினர் எத்தனை என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறாதவன், தண்ணீர் ஊறுமா என்று பாராமல் கிணற்றுப் பங்கு வாங்கினவனே.

நாம் வாங்குவது யாது?

2010-ஆம் வருஷம் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் சென்னை விசேஷ அமர்வு ஒரு முக்கியமான தீர்ப்பைச் செய்தது. காலப்பங்குக் கம்பெனி வாங்கும் சேரும் கட்டணம் முழுவதும் வாங்கிய வருஷத்து வருமானமாகுமா என்பது வழக்கு. பல வருஷம் சேவை செய்யவேண்டிய கடமை கம்பெனிக்கு இருப்பதால், முழுவதையும் அவ்வருஷத்து வருமானமாகக் கொள்ளலாகாது என்று தீர்ப்பாயிற்று. வரிக்காக ஏற்பட்ட வழக்கானாலும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. நாம் கொடுத்தது சொத்துக்கு விலையன்று. இருபத்தைந்து வருஷத்துச் சேவைக்கு முன்பணம். முன்பணம் கொடுத்தவன், வாங்கினவருடைய பலத்தைப் பார்க்கவேண்டும். கம்பெனி கைமாறவும் கூடும். ஸ்டெர்லிங்கைத் தாமஸ் குக் இந்தியா கம்பெனி சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு 2014-ஆம் வருஷம் வெளியாயிற்று. அத்தகைய காலத்தில் பழைய அங்கத்தினரின் உரிமை என்னவாகும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கவேண்டிய விஷயம்.

இது சீட்டும் அன்று. சீட்டில் கட்டிய பணம் ஒருநாள் திரும்பி வரும். காலப்பங்கில் திரும்பி வருவது இரவுகள் மாத்திரமே. "தங்காவிட்டால் பணமாய்த் திருப்பித் தருகிறோம், வட்டியைவிட அதிகம் வரும்" என்று எவரேனும் சொன்னால் அவ்விடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பான்கார்டு கிளப்ஸ் என்ற கம்பெனி, விடுதி இரவுகள் என்ற பெயரால், முடிவில் பெருந்தொகை திருப்பித் தருவதாய்ச் சொல்லி, 51 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்தது. அது அனுமதியற்ற கூட்டு முதலீட்டுத் திட்டமென்று செபி 2016-ஆம் வருஷம் தீர்மானித்து, பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட்டது. 2017-இல் கம்பெனியின் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. உத்தரவு வந்துவிட்டதனாலேயே பணம் வந்துவிடுவதில்லை என்பது, 2012-ஆம் வருஷத்து ஈமு கோழி வியாபாரத்தில் கைசுட்டுக்கொண்ட நம் பக்கத்தாருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

உறவைக் கொண்டு உறவைப் பிடித்தல்

சபையோர்களே! இப்போது நான் சொல்லப்போவதுதான் நம் சங்கத்துக்குப் பிரதானமானது. சேர்ந்தவரிடம், "உங்கள் உறவினரில் வசதியானவர் ஐந்து பேர் பெயரைக் கொடுங்கள், உங்களுக்கு ஒரு சலுகை உண்டு" என்று கேட்கிறார்கள். அவர் மைத்துனர் பெயரையும், சம்பந்தி பெயரையும், ஊர்க் கவுரவஸ்தர் பெயரையும் எழுதிக் கொடுக்கிறார். அழைப்பவர், "உங்கள் மாமா சேர்ந்திருக்கிறார்" என்று ஆரம்பிக்கிறார். மாமா சேர்ந்த இடமென்றால் விசாரிக்கவேண்டாம் என்று மருமகனும் கையெழுத்திடுகிறார். மாமா விசாரித்தாரா என்று கேட்பவர் இல்லை. ஒருவருக்கொருவர் நம்பிக்கை என்பது நம் முன்னோர் தேடி வைத்த சொத்து. பத்திரமில்லாமல் கைமாற்றுக் கொடுத்து வாங்கிய குடும்பங்கள் நாம். அந்த நம்பிக்கையை ஒரு பரிசுப் பெட்டிக்காக அயலாருக்கு இரவல் கொடுப்பது தகுமா?

பணம் போனபின் நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. ஏமாந்தான் என்ற பெயர் வருமே என்று மானத்துக்கு அஞ்சி, வீட்டுப் பெண்களிடத்தும் சொல்லாமல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டி வருகிறார்கள். அவர் மௌனத்தினாலேயே அடுத்தவரும் சேருகிறார். கணக்குப் பார்த்துத் திருப்தியாயிருப்பவரும் வெளிப்படையாய்ச் சொல்லட்டும். நஷ்டப்பட்டவரும் வெளிப்படையாய்ச் சொல்லட்டும். இரண்டும் கேட்டால்தான் பின் வருவோர்க்கு வழி தெரியும்.

சேருமுன் செய்யத்தக்கவை

முதலாவது, அழைத்த அன்றே கையெழுத்திடலாகாது. "இன்றைக்கு மாத்திரம் இந்த விலை" என்பது நாளைக்கும் சொல்லப்படும் வார்த்தை. ஐரோப்பிய தேசங்களில் 2008-ஆம் வருஷத்துச் சட்ட நெறிப்படி, கையெழுத்திட்ட பின்னும் பதினான்கு நாளைக்குள் காரணம் கூறாமல் விலகலாம்; அதுவரை முன்பணம் வாங்கவும் கூடாது. நம் தேசத்தில் காலப்பங்குக்கென்று தனிச் சட்டம் இல்லை. கம்பெனி தானாகக் கொடுக்கும் விலகும் நாட்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி நமக்கு உதவா. ஆகவே அந்தப் பதினான்கு நாளை நாமே கையெழுத்துக்கு முன் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாவது, வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் எழுத்தில் காட்டச் சொல்லவேண்டும். "விமானச் சீட்டு இனாம்", "எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடலாம்" என்பவை ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா? எழுதின ஒப்பந்தத்துக்கு முன் வாய்ச்சொல் பெரும்பாலும் நில்லாது.

மூன்றாவது, புள்ளி அட்டவணை, அதை மாற்றும் அதிகாரம், பராமரிப்புக் கட்டணம் ஏறும் விதி, சேமித்த புள்ளியின் ஆயுள், விலகினால் திரும்பும் தொகை, கட்டணம் தவறினால் நேர்வது, வாரிசுக்கு மாற்றும் விதம் ஆகிய ஏழையும் தனித்தாளில் குறித்துக்கொள்ளவேண்டும்.

நான்காவது, அதே விடுதியில் அதே நாளுக்கு வெளியார் கொடுக்கும் வாடகை எவ்வளவு என்று விசாரித்து, நான் மேலே போட்ட கணக்கைச் சொந்த எண்களால் போட்டுப் பார்க்கவேண்டும். அக்கணக்கை வீட்டு அம்மாளோடு உட்கார்ந்து போடுவது உத்தமம். கோழித் தீவனக் கணக்கை மனக்கணக்காய்ப் போடும் நம் பெண்கள் இதையும் போடுவார்கள்.

சேர்ந்துவிட்டவர்களுக்கு

ஏற்கெனவே சேர்ந்தவர்கள் கலங்கவேண்டியதில்லை. போட்ட பணத்தை நினைத்து வருந்துவதைவிட, புள்ளிகளை அழியவிடாமல் அனுபவிப்பதே முதல் லாபம். பண்ணை வேலை குறைந்த நாட்களில், வார நடுவில், கூட்டமில்லாத ஊருக்குப் போனால் அதே புள்ளிக்கு அதிக இரவு கிடைக்கும் என்பதை மேலே கண்டோம். போக முடியாத வருஷத்தில் உறவினரை அனுப்ப அனுமதி உண்டா என்று பாருங்கள்.

பொய் சொல்லிச் சேர்த்திருந்தாலோ, வாக்களித்த சேவை கிடைக்காவிட்டாலோ, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே, சேலத்திலோ நாமக்கல்லிலோ உள்ள நுகர்வோர் ஆணையத்தில் பிராது கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் பட்டணத்துக்கு அலையவேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் பிராதுக் கட்டணமும் இல்லை. வழக்குக்குக் காரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். ஒப்பந்தத்தில் மத்தியஸ்த ஷரத்து இருப்பதனால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு அடைபடாது என்பது 2018-ஆம் வருஷம் எமார் எம்.ஜி.எப். வழக்கில் சுப்ரீம் கோர்ட்டாரும் உறுதி செய்த விஷயம். முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி நிலையத்தாரிடம் ஆலோசனை கேட்கலாம். கம்பெனியாரோடு நடக்கும் எல்லாப் போக்குவரத்தும் கடித மூலமாகவே இருக்கட்டும்.

"உங்கள் பங்கை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முன்னதாகக் கட்டணம் அனுப்புங்கள்" என்று ஒரு கூட்டம் தொலைபேசியில் வரும். அமெரிக்காவில் இம்மோசடியைக் குறித்து அரசாங்க வர்த்தகக் கமிஷனே ஜனங்களை எச்சரித்திருக்கிறது. ஒருமுறை இழந்தவனை மறுமுறை உரிப்பவர்கள் இவர்கள். முன்பணம் ஒரு காசும் கொடுக்கவேண்டாம்.

முடிவுரை

நிர்வாகக் கமிட்டியாருக்கு இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகிறேன். ஒன்று: சட்டம் படித்தவர் ஒருவர், கணக்குப் படித்தவர் ஒருவர், அனுபவமுள்ள குடும்பஸ்தர் ஒருவர் ஆக மூவரை நியமித்து, மாதம் ஒரு நாள் சங்கக் கட்டிடத்தில் இருக்கச் செய்யவேண்டும். காலப்பங்காகட்டும், சீட்டாகட்டும், மனையாகட்டும், நம்மவர் எவரும் கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டிக் கேட்டுப் போகலாம். இரண்டு: ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ கூட்டம் குறைந்த மாதங்களில், சில குடும்பங்கள் சேர்ந்து விடுதியைப் பேசி அமர்த்தி, வருஷம் ஒரு முறை போய்வர ஏற்பாடு செய்யவேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்குக் கட்டுப்படாமல், அந்தந்த வருஷத்துக் கையிருப்புக்கும் விளைச்சலுக்கும் தக்கபடி போய்வரலாம். ஒருவர் பண்ணையை மற்றொருவர் நான்கு நாள் பார்த்துக்கொள்வதென்று முறை வைத்துக்கொண்டால், பல வருஷமாய் ஊரைவிட்டு அசையாத தாய்மார்களும் மலையேறிப் பார்ப்பார்கள். கிணற்றுக்கு முறை வைக்கத் தெரிந்த நமக்கு இதற்கு முறை வைக்கத் தெரியாதா?